கௌட் மாத்திரை சாப்பிட்டால் வெள்ளையணு வழி தவறுமா?

மெரிபேங்க் பையன் | ஞாயிறு, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். விஷயம் என் அப்பாவின் கால் கட்டைவிரலில் ஆரம்பிக்கிறது.

போன சனிக்கிழமை தங்கை வீட்டில் பிராய், அதாவது தணலில் கறி சுடும் விருந்து. அப்பா ஆட்டுக்கறியை ஒரு கை பார்த்தார், கூடவே இரண்டு பீர். விடிகாலை மூன்று மணிக்கு ஒரே அலறல். போர்வை நுனி பட்டாலே உயிர் போகிறது என்றார். விரல் பழுத்த தக்காளி மாதிரி வீங்கியிருந்தது. டாக்டர் பார்த்த உடனே கௌட், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வீக்கம் என்று சொல்லி, கொல்ச்சிசின் 0.5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்.

மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தேன். இந்த மருந்து செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களில் ஒட்டிக்கொண்டு வெள்ளையணுக்கள் வீக்கத்தை நோக்கி வருவதைக் குறைக்கிறதாம். அப்பாவிடம் சொன்னேன். "அணுவுக்குக் காலா இருக்கு, குழாயை அடைச்சா நின்னுடறதுக்கு?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை. நான் கணக்கு வழக்குப் பார்ப்பவன், மேட்ரிக்கில் பயாலஜி எடுக்கவில்லை.

உருண்டையான ஒரு அணுவுக்கு முன் எது, பின் எது என்று யார் சொல்கிறார்கள்? அதைக் குலைத்துவிட்டால் அப்பாவுக்கு வேறு கிருமி தொற்றிக்கொள்ளாதா?

ஓய்வு கெமிஸ்ட் | ஞாயிறு, இரவு 9:40

தம்பி, முதலில் மாத்திரை விஷயம். 0.5 என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. எங்கள் காலத்தில் வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொன்று விழுங்கச் சொல்வார்கள். அந்த வழக்கமே தப்பு. ஒரு மணி நேரத்தில் மொத்தம் 1.8 மில்லிகிராம் கொடுப்பதும், ஆறு மணி நேரத்தில் 4.8 கொடுப்பதும் வலியைக் குறைப்பதில் ஒன்றுதான், வயிற்றுக் கோளாறு மட்டும் குறைந்த அளவில் மிகக் குறைவு என்று 2010இல் வந்த ஆய்வு காட்டிவிட்டது. அப்பாவுக்குக் கிட்னி எப்படி என்று டாக்டருக்குத் தெரியுமா? வேறு ஏதாவது ஆன்டிபயாடிக், குறிப்பாகக் கிளாரித்ரோமைசின், சாப்பிடுகிறாரா? அந்த இரண்டும் சேர்ந்து ஆளைக் கொன்றதுண்டு.

வேலை செய்யும் விதம் சுருக்கமாக: நுண்குழல் உடைகிறது, வெள்ளையணு முன்பின் தெரியாமல் நின்றுவிடுகிறது, வீக்கம் வடிகிறது.

ஸ்லைடுபூச்சி | ஞாயிறு, இரவு 11:05

கெமிஸ்ட் ஐயா சொன்ன அளவுக் கணக்கு நூறு சதவீதம் சரி. கடைசி வரியோடு மட்டும் எனக்குச் சண்டை. நின்றுவிடுவதில்லை. கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் மதுரைக்காரன், டர்பனில் ஒரு ஆய்வுக்கூடத்தில் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தே முதுகு வளைந்தவன். மெரிபேங்க் தம்பியின் அப்பா கேட்டது நல்ல கேள்வி என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நியூட்ரோஃபில் என்பது வெள்ளையணுக்களில் அதிகமாக இருக்கும் வகை. எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி அளவில் செய்து அனுப்புகிறது. ரத்தத்தில் மிதக்கும்போது உருண்டைதான், முன்னும் இல்லை பின்னும் இல்லை. கிருமியின் வாடை பட்டதும் ஒரே நிமிடத்துக்குள் உடம்பு நீள்கிறது. ஒரு பக்கம் விசிறி மடிப்பு மாதிரி மெல்லிய தோலை விரிக்கிறது, மறு பக்கம் வாலாகக் குறுகுகிறது. அப்புறம் நகரத் தொடங்குகிறது. இந்த முன்பின் பிரிவைத்தான் நாங்கள் துருவத்தன்மை என்கிறோம்.

முன்பக்கம் நடப்பது ஆக்டின் வேலை. ஏழு நானோமீட்டர் தடிமன் உள்ள இழைகள். ஆர்ப்2/3 என்ற புரதக் கூட்டம் ஓர் இழையின் மேல் உட்கார்ந்து எழுபது டிகிரி கோணத்தில் புதிய கிளையைத் தொடங்கி வைக்கிறது, அந்தக் கிளையிலிருந்து இன்னொன்று. கிளைகள் நுனியில் வளரும்போது செல்லின் தோலை முன்னுக்குத் தள்ளுகின்றன. பழைய இழைகள் பின்னால் கழன்று துண்டுகளாகி மறுபடி முன்னுக்குப் போகின்றன. இங்கே எந்த இழையும் நிலையாக இருப்பதில்லை.

பின்பக்கம் மயோசின். நம் தசையில் இருப்பதன் உறவுக்காரப் புரதம். பாட்டியின் சுருக்குப்பை நினைவிருக்கிறதா? நாடாவை இழுத்தால் வாய் சுருங்கி உள்ளே இருக்கும் சில்லறை எல்லாம் அடியில் சேரும். அப்படித்தான் வால்பக்கம் சுருங்கி, உள்ளே இருப்பதை முன்னால் தள்ளுகிறது.

அப்பாவிடம் சொல்லுங்கள்: அணுவுக்குக் கால் இல்லை, தேவைப்படும்போது ஒன்றைக் கட்டிக்கொள்கிறது, அடி எடுத்து வைத்ததும் பிரித்துப் போடுகிறது.

நுண்குழலுக்கு நாளை வருகிறேன். கண் எரிகிறது.

பீனிக்ஸ் டீச்சர் | திங்கள், காலை 6:20

ஆக்டின், நுண்குழல் எல்லாம் சேர்ந்த அமைப்பான சைட்டோஸ்கெலிட்டனுக்கு என்ன தமிழ்ச் சொல் போடுகிறீர்கள்? என் பேத்தியிடம் "செல் எலும்புக்கூடு" என்று சொன்னேன். சிரித்துவிட்டாள்.

ஸ்லைடுபூச்சி | திங்கள், காலை 7:02

டீச்சரம்மா, பேத்தி சிரித்தது சரிதான். எலும்புக்கூடு என்றாலே செத்துக் காய்ந்தது ஞாபகம் வருகிறது. பாடப்புத்தகத்தில் செல் சட்டகம் என்று பார்த்திருக்கிறேன், அதுவும் ஜன்னல் சட்டம் மாதிரி அசையாமல் நிற்கும் என்று நினைக்க வைக்கிறது. சர்க்கஸ் கூடாரத்தின் கயிறும் கம்பும், நிமிடத்துக்கு நிமிடம் அவிழ்த்து வேறு இடத்தில் கட்டப்படுபவை என்றால் கிட்டத்தட்ட வரும். அதற்கு ஒரே சொல் கிடைத்தால் சொல்லுங்கள். அதுவரை செல் சட்டகம் என்றே ஓட்டுவோம்.

ஜோபர்க் வயர்மேன் | திங்கள், மதியம் 1:15

நான் மின்பொறியாளன். எனக்கு உதைப்பது இதுதான். செல்லின் நீளம் பத்துப் பதினைந்து மைக்ரான். அவ்வளவு சின்ன உடம்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இடையே வாடையின் செறிவு எவ்வளவு வித்தியாசப்பட்டுவிடும்? சென்சார் வேலை செய்பவனைக் கேட்டால் அது வெறும் இரைச்சல் என்பான். அதை வைத்து எப்படி முன்பின் முடிவு செய்கிறது?

இன்னொன்று. முன்பக்கம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது என்றால் நாலா பக்கமும் முன்பக்கம் முளைக்க வேண்டாமா? ஒன்றே ஒன்று ஏன்?

ஸ்லைடுபூச்சி | திங்கள், இரவு 8:48

வயர்மேன் அண்ணே, இந்த இரண்டு கேள்வியும் சேர்ந்ததுதான் இந்தத் துறையே.

வித்தியாசம் ஒன்றிரண்டு சதவீதம்தான். சாலி ஜிக்மண்ட் 1977இல் கண்ணாடியில் வெட்டிய ஒரு சின்ன அறையில் இதை அளந்து காட்டினார்: ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் சுமார் ஒரு சதவீதம் வித்தியாசம் இருந்தாலே நியூட்ரோஃபில் சரியான பக்கம் திரும்புகிறது. ஆகவே உள்ளே ஒரு பெருக்கி இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்றால், முன்பக்கமும் பின்பக்கமும் ஜென்மப் பகையாளிகள். முன்பக்கத்தில் ராக் என்ற சிறிய புரதம் விழித்து ஆக்டினைக் கிளை விட வைக்கிறது. பின்பக்கத்தில் ரோ என்ற புரதம் மயோசினை முறுக்குகிறது. ராக் இருக்குமிடத்தில் ரோ தலைகாட்ட முடியாது, ரோ இருக்குமிடத்தில் ராக்குக்கு இடமில்லை. ஒரு சதவீதம் கூடுதலாக இருக்கும் பக்கம் ராக் கொஞ்சம் முந்துகிறது, அந்த முந்தல் ரோவைத் தள்ளுகிறது, தள்ளப்பட்ட ரோ மறுபக்கம் சேர்ந்து ராக்கை அங்கிருந்து விரட்டுகிறது. சில நொடிகளில் சின்ன வித்தியாசம் ஊர் பிரிந்த சண்டையாகிவிடும். ஹென்றி போர்ன் குழு 2003இல் "செல்" என்ற ஆய்விதழில் இதை விரிவாக எழுதியது. வாடையை நாலா பக்கமும் சமமாக ஊற்றினாலும் செல் ஏதோ ஒரு பக்கத்தை முன்பக்கமாக்கிக்கொண்டு கிளம்பும். துருவத்தன்மை செல்லுக்குள்ளேயே இருக்கிறது, வாடை அதற்குத் திசை மட்டும் காட்டுகிறது.

ஒன்றே ஒன்று ஏன் என்பதற்குக் கட்டில் விரிப்பைப் பாருங்கள். அளவு குறைவான விரிப்பு. ஒரு மூலையை இழுத்துச் செருகினால் எதிர்மூலை கழன்றுகொள்ளும். செல்லின் தோலும் அப்படி. ஒரு பக்கம் ஆக்டின் தள்ளினால் தோல் முழுக்க விறைக்கிறது, அந்த விறைப்பே மற்ற இடங்களில் புதிய முன்பக்கம் முளைக்காமல் தடுக்கிறது. ஓரியன் வைனர் குழு 2012இல் செல்லின் தோலை மெல்லிய கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி விறைப்பை ஏற்றிப் பார்த்தார்கள். ராக் அணைந்துவிட்டது. ரசாயனத் தூது எதுவும் ஓடி வர வேண்டியதில்லை, இழுவிசையே செய்தி.

ஜோபர்க் வயர்மேன் | திங்கள், இரவு 9:10

ஆக, பாசிட்டிவ் ஃபீட்பேக் உள்ளூரில், இன்ஹிபிஷன் ஊர் முழுக்க. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி பக்கம் மிச்சம்.

ஸ்லைடுபூச்சி | திங்கள், இரவு 9:14

உங்களுக்கு மிச்சம். மெரிபேங்க் தம்பியின் அப்பாவுக்கு?

மெரிபேங்க் பையன் | திங்கள், இரவு 9:30

அப்பா சுருக்குப்பையோடு நிற்கிறார். மேலே சொல்லுங்கள், மாத்திரை இன்னும் வரவில்லை.

ஸ்லைடுபூச்சி | செவ்வாய், இரவு 8:20

சரி, நுண்குழல்.

இருபத்தைந்து நானோமீட்டர் அகலக் குழாய். டியூபுலின் என்ற புரதம் பதின்மூன்று வரிசையாக அடுக்கிச் சுருண்டது. பெரும்பாலும் சென்ட்ரோசோம் என்ற ஒரு புள்ளியிலிருந்து குடைக்கம்பி மாதிரி நாலாபுறமும் விரிகிறது. நியூட்ரோஃபிலில் இந்தப் புள்ளி கருவுக்கு முன்னால் இருக்கும். ஓடும் டி செல்லில் கருவுக்குப் பின்னால், வாலுக்குள் இருக்கும். இரண்டுமே வெள்ளையணுதான், குடையை மட்டும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கின்றன.

டியூபுலினைக் கண்டுபிடித்ததே உங்கள் அப்பாவின் மாத்திரையால்தான் தம்பி. 1960களில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் கதிரியக்கம் ஏற்றிய கொல்ச்சிசினைச் செல்களில் போட்டு, அது எதில் போய் ஒட்டுகிறது என்று தேடினார்கள். ஒட்டிய புரதத்துக்கு அப்போது பெயரே கிடையாது, "கொல்ச்சிசின் ஒட்டும் புரதம்" என்றே எழுதினார்கள். டியூபுலின் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது.

இனி என் கதை. போன வருடம் ஒரு சாயங்காலம், விரல் நுனி ரத்தத்திலிருந்து பிரித்த நியூட்ரோஃபில்களைக் கண்ணாடியில் விட்டு, மைக்ரோஸ்கோப் மேடையை 37 டிகிரி சூட்டில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஓரத்தில் பிப்பெட் முனை, அதிலிருந்து கிருமி வாடை கசிகிறது. செல்கள் எல்லாம் பிப்பெட்டைப் பார்த்து வரிசையாக ஊர்கின்றன. அந்த நேரம் பார்த்து லோட்ஷெடிங். ஜெனரேட்டர் ஃப்ரீசருக்குத்தான், என் மேடைக்கு இல்லை. சூடு இறங்க இறங்கச் செல்கள் ஒவ்வொன்றாகக் கால் மடக்கி உருண்டையாகிவிட்டன. கரண்ட் வந்து சூடு ஏறியதும் மறுபடி கிளம்பின, பிப்பெட்டை நோக்கியே. சாயங்கால உழைப்பு வீண். ஆனால் அந்தக் காட்சியை நான் விற்க மாட்டேன்.

அடுத்த நாள் அதே ஏற்பாட்டில் நுண்குழலை உடைக்கும் மருந்தை ஊற்றினேன். நின்றுவிடும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. பிப்பெட்டில் வாடை கசியாதபோதே செல்கள் தானாக வால் முளைத்துக் கிளம்பின. வாலும் வழக்கத்தைவிட இறுக்கமான வால். வாடையைத் திறந்துவிட்டால் சில சரியான பக்கம் வந்தன, பல திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி இங்கும் அங்கும் ஓடின. நடை இருந்தது, திசை இல்லை. நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, போர்ன் குழு 2005இலேயே இதை எழுதிவிட்டது: நியூட்ரோஃபிலில் நுண்குழல் துருவத்தன்மையை அடக்கி வைக்கிறது, திசையை மட்டும் திருத்துகிறது.

காரணம் இது. ரோவை எழுப்பிவிடும் ஜெஃப்-ஹெச்1 என்ற ஒரு புரதத்தை நுண்குழல் தன்னோடு கட்டி வைத்திருக்கிறது. குழல் உடைந்தால் கட்டு அவிழ்கிறது, அந்தப் புரதம் ரோவை எழுப்புகிறது, ரோ மயோசினை முறுக்குகிறது, சுருக்குப்பை இறுகுகிறது.

காவடியன்று ரதம் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு எளிதாகப் புரியும். முன்னால் வடம் பிடிப்பவர்கள் நூறு பேர். ஆனால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர் இரண்டு மூன்று பேர்தான். திருப்பத்தில் ரதம் எந்தப் பக்கம் போகும் என்பது அவர்கள் கையில். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் ரதம் நிற்காது. ஓடும், யாராவது வீட்டுச் சுவர் வரை.

ஓய்வு கெமிஸ்ட் | செவ்வாய், இரவு 10:02

ரதம் அழகாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி, ஒரு கேள்வி. நீங்கள் கண்ணாடியில் ஊற்றியது எவ்வளவு? மைக்ரோமோலார் கணக்கில் ஊற்றியிருப்பீர்கள். ஒரு 0.5 மாத்திரை விழுங்கிய மனுஷனின் ரத்தத்தில் இருப்பது நானோமோலார் கணக்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு அலகு. அந்த அளவில் நுண்குழல் மொத்தமாக உடையாது. அப்படி உடைந்தால் அவர் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார், கௌட் எல்லாம் மறந்து போயிருக்கும். உங்கள் கண்ணாடித் தட்டை வைத்து என் மாத்திரையை விளக்காதீர்கள்.

ஸ்லைடுபூச்சி | செவ்வாய், இரவு 10:31

ஐயா, அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. பத்து மைக்ரோமோலார் ஊற்றினேன்.

ஒரே ஒரு எதிர்வாதம்: நியூட்ரோஃபிலுக்கு இந்த மருந்தை வெளியே தள்ளும் பம்ப் மிகக் குறைவு, அதனால் ரத்த நீரில் இருப்பதைவிடச் செல்லுக்குள் அதிகமாகச் சேர்கிறது. ஆனாலும் நான் ஊற்றிய அளவை எட்டாது. உங்கள் பக்கமே சாய்கிறேன்.

அப்படியானால் மாத்திரை எங்கே கடிக்கிறது? எனக்குத் தெரிந்து இரண்டு இடம். ஒன்று, ரத்தக்குழாயின் உள்சுவர். வெள்ளையணு வெளியே போகுமுன் சுவரிலுள்ள செலக்டின் என்ற பிசினில் ஒட்டி உருள வேண்டும். மிகக் குறைந்த அளவு கொல்ச்சிசினே அந்தப் பிசின் சுவரில் பரவியிருக்கும் விதத்தைக் குலைத்துவிடுகிறது என்று 1995இல் காட்டினார்கள். அணு இறங்க வேண்டிய ஸ்டாப்பில் கோம்பி, அதான் மினிபஸ் டாக்சி, நிற்காமல் போனது மாதிரி. இரண்டு, யூரிக் அமிலப் படிகத்தை விழுங்கிய செல்லுக்குள் கூடும் இன்ஃப்ளமசோம் என்ற எச்சரிக்கைக் கூட்டம். யூரேட் படிகம் அதைக் கிளப்புகிறது என்று யூர்க் சோப் குழு 2006இல் கண்டது. அதன் உறுப்புகளை ஒரே இடத்துக்கு இழுத்துச் சேர்ப்பது நுண்குழல்மேல் ஓடும் டைனீன் என்ற மோட்டார். தண்டவாளம் தளர்ந்தால் கூட்டம் சேராது, வலிக்கான கூப்பாடும் எழாது.

ஓய்வு கெமிஸ்ட் | செவ்வாய், இரவு 10:40

இது சரி. நானும் என் "நின்றுவிடும்" என்ற வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நாற்பது வருஷம் கவுண்டரில் நின்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாட்ஸ்வொர்த் அக்கா | புதன், காலை 5:50

நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறேன், எல்லாப் பதிவையும் படித்தேன். தம்பி, தொற்று வருமா என்று கேட்டாயே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை பார். சொன்ன அளவில், சொன்ன நாள் மட்டும் சாப்பிட்டால் பொதுவாகப் பயப்பட வேண்டியதில்லை. அதிகமாகிப் போனால் வேறு கதை, மஜ்ஜையே படுத்துவிடும். வாந்தி, பேதி ஆரம்பித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போ.

எனக்கும் ஒரு கேள்வி. பிறவியிலேயே இந்தச் சட்டகம் கோணலாக இருக்கும் பிள்ளைகள் உண்டா? ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன், உடம்பெல்லாம் கரப்பான் புண், காது ஓயாமல் சீழ், தொட்டால் நீலம் பாய்ந்துவிடும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம். என்ன ஆனான் என்று தெரியவில்லை.

ஸ்லைடுபூச்சி | புதன், இரவு 9:05

அக்கா, பார்க்காத பிள்ளைக்கு நோய்ப் பெயர் வைக்க மாட்டேன். நீங்கள் சொன்ன மூன்றும் சேர்ந்து வரும் நோய் ஒன்று உண்டு, விஸ்காட் ஆல்ட்ரிச். ஆல்ஃபிரெட் விஸ்காட் 1937இல் ஒரே வீட்டு மூன்று அண்ணன் தம்பிகளைப் பற்றி எழுதினார், அக்கா தங்கைகளுக்கு ஒன்றுமில்லை. ஆல்ட்ரிச் 1954இல் அது எக்ஸ் குரோமோசோம் வழி வருவதைக் காட்டினார். 1994இல் மரபணு கிடைத்தது. அதிலிருந்து உருவாகும் வாஸ்ப் என்ற புரதத்தின் வேலை, நான் முதல் பதிவில் சொன்ன ஆர்ப்2/3ஐத் தட்டி எழுப்புவது. அது இல்லாவிட்டால் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லுக்குக் கால் ஊன்றும் அமைப்பே உருவாவதில்லை, டி செல் எதிரியைச் சரியாகப் பிடித்துக்கொள்ள முடிவதில்லை. ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டுகள் சின்னதாகிக் குறைந்து போகின்றன, நீலம் பாய்வது அதனால்தான்.

இன்னொன்று டாக்8 குறைபாடு. அந்தப் பிள்ளைகளுக்குத் தோலில் வைரஸ் மருக்கள் விடாமல் வரும். காரணம் 2014இல் தெரிந்தது. தோல் மாதிரி நெருக்கமான இடத்தில் நுழையும் டி செல் இரண்டு சந்தில் இரண்டு கைகளை விட்டுவிட்டு, எதை மடக்குவது என்று முடிவு செய்ய முடியாமல், இழுபட்டு இழுபட்டு அறுந்தே போகிறது. முன்பின் முடிவெடுக்கத் தெரியாததால் ஒரு செல் சாகிறது. நல்ல செல்லாக இருந்தால் கருவைக் கொண்டு போய் ஒவ்வொரு சந்திலும் அளந்து பார்த்து அகலமான வழியைத் தேர்ந்தெடுக்கும். ரோபோட்டில், அதாவது டிராஃபிக் சிக்னலில், நின்று எந்த லேன் காலி என்று பார்க்கும் டாக்சி டிரைவர் மாதிரி.

பீனிக்ஸ் டீச்சர் | புதன், இரவு 9:50

டி செல் எதிரியைப் பிடித்துக்கொண்டு என்ன செய்யும் என்று சொல்லாமலே விட்டுவிட்டீர்கள்.

ஸ்லைடுபூச்சி | புதன், இரவு 10:22

டீச்சரம்மா பரீட்சைத் தாள் திருத்துகிற கண்ணோடு படிக்கிறீர்கள்.

கொல்லும் டி செல் வைரஸ் புகுந்த செல்லைத் தொட்டதும் ஓட்டத்தை நிறுத்துகிறது. இதுவரை வாலில் கிடந்த சென்ட்ரோசோம் சில நிமிடங்களில் கருவைச் சுற்றிக்கொண்டு தொடுமிடத்துக்கு வந்துவிடுகிறது. 1980களில் ஆபிரகாம் குப்ஃபர் போன்றவர்கள் சாயம் ஏற்றிப் பார்த்துச் சொன்னது இது. எப்படி வருகிறது? தொடுமிடத்துச் சவ்வில் டைனீன் மோட்டார்கள் நின்றுகொண்டு, தம் பக்கம் நீண்ட நுண்குழலின் நுனியைப் பிடித்துக்கொள்கின்றன. பிடித்த நுனி கரைந்துகொண்டே குட்டையாகிறது, அடியிலிருக்கும் சென்ட்ரோசோம் இழுபட்டு வருகிறது. ஜான் ஹாமர் குழு 2013இல் படம் பிடித்தது. கிணற்றுக் கயிறு மாதிரிதான், ஆனால் கயிற்றைச் சுற்றி வைப்பதில்லை, இழுக்க இழுக்கத் தின்றுவிடுகிறார்கள்.

அதே நேரத்தில் தொடுமிடத்தின் நடுவிலிருந்து ஆக்டின் விலகி ஓரமாக வளையம் கட்டுகிறது. நடுவில் வாசல் திறந்தாயிற்று. சென்ட்ரோசோம் சவ்வில் வந்து முட்டியதும், குழல் வழியாக நஞ்சுப் பைகள் வந்து அந்த வாசலில் மட்டும் கொட்டுகின்றன. கில்லியன் கிரிஃபித்ஸ் குழு 2006இல் காட்டியது இது. இவ்வளவு ஏற்பாடும் பக்கத்து வீட்டு நல்ல செல்லின் மேல் ஒரு துளி தெறிக்கக் கூடாதென்று. கொஞ்ச நேரத்தில் ஆக்டின் திரும்பி வந்து வாசலை மூடும். செல் அடுத்த ஆளைத் தேடிக் கிளம்பும்.

எச்.ஐ.வி. இந்த வாசலையே திருடுகிறது. வைரஸ் புகுந்த டி செல் பக்கத்து டி செல்லைத் தொடும்போது அதே மாதிரி சட்டகத்தைத் திருப்பி, வைரஸை மொத்தமாக அந்தப் பக்கம் அனுப்புகிறது. செல்லுக்குச் செல் இப்படிப் போகும்போது ஒரே நேரத்தில் பல வைரஸ் விழுவதால், ஆய்வுக்கூடத் தட்டில் எச்.ஐ.வி. மருந்தின் பிடி தளர்கிறது என்று 2011இல் நேச்சர் இதழில் எழுதியவர்களில் ஒருவரான அலெக்ஸ் சிகல் பிறகு நம் டர்பனில் ஆய்வுக்கூடம் அமைத்தார்.

சாட்ஸ்வொர்த் அக்கா | வியாழன், காலை 6:05

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் சாமி. தட்டில் நடப்பது வேறு, தினமும் ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ரிப்போர்ட்டில் வைரஸ் தெரியாத அளவுக்கு இறங்குவதை நான் கிளினிக்கில் தினமும் பார்க்கிறேன்.

ஸ்லைடுபூச்சி | வியாழன், காலை 7:11

அக்கா சொன்னதே கடைசிச் சொல். அந்த வரியை நானே எழுதியிருக்க வேண்டும்.

பீனிக்ஸ் டீச்சர் | வியாழன், மாலை 4:30

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லையே என்று பார்க்கிறேன். கொல்ச்சிசின் நம் செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறதே? தமிழ்நாட்டின் மாநில மலர், ஜிம்பாப்வேயின் தேசிய மலர், இங்கே நேட்டால் கடலோரப் புதரிலும் தானாக முளைப்பது. பெண்ணின் விரலுக்கு உவமையாகப் பழைய புலவர்கள் சொன்ன பூ. செல்லின் விரலை அதுதான் மடக்குகிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது! நித்தியகல்யாணியும் நுண்குழலைத்தான் பிடிக்கிறது, ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் அதிலிருந்து வந்தது. எங்கள் தெருவில் பாதி வாசலில் நிற்கிறது.

ஓய்வு கெமிஸ்ட் | வியாழன், மாலை 5:05

டீச்சரம்மா சொன்னது உண்மை, தமிழ்நாட்டில் விதைக்காகவே செங்காந்தளைப் பயிரிடுகிறார்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது கிழங்கை அரைத்துக் கட்டைவிரலுக்கு வைத்தியம் பார்த்தால் நான் பொறுப்பில்லை. கிழங்கில் எத்தனை மில்லிகிராம் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. சேனை, வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சமைத்துச் செத்தவர்கள் உண்டு.

மெரிபேங்க் பையன் | சனி, காலை 10:40

அப்பா செருப்புப் போட்டு நடக்கிறார். கிட்னி சோதனை எடுத்தாயிற்று, சரியாக இருக்கிறது. ஆன்டிபயாடிக் எதுவும் இல்லை. ரதக் கதையை அவரிடம் சொன்னேன். முட்டுக்கட்டை போடுகிறவனுக்கு வடம் பிடிக்கிறவனைவிட இரண்டு பங்கு கூலி கொடுக்க வேண்டும் என்றார். சின்ன வயதில் அவரே போட்டிருக்கிறாராம்.

டீச்சரம்மா எழுதியதைப் படித்ததும் பின்பக்க வேலியில் ஏறிக் கிடந்த கொடியைப் போய்ப் பார்த்தேன். அதேதான், அடியில் மஞ்சள், மேலே சிவப்பு, இதழ்கள் மேல் நோக்கி மடங்கியிருக்கின்றன. தங்கையின் பிள்ளைகள் அங்கேதான் விளையாடுவார்கள். கையுறை மாட்டிக்கொண்டு தோண்டினேன். கிழங்கு இரண்டு கையாகப் பிரிந்து வளைந்து வந்தது. அப்பா படியில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டு "கலப்பைக் கிழங்கு" என்றார். கரும்புத் தோட்டத்தில் அவருடைய தாத்தா அப்படித்தான் சொல்வாராம். எனக்கு இத்தனை வருஷமாக அது வெறும் களை.

இதை என்ன செய்வது?

ஓய்வு கெமிஸ்ட் | சனி, காலை 10:52

இரண்டு பையில் போட்டுக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடு. உரக்குழியில் வேண்டாம், மறுபடி முளைக்கும். கையுறையையும் அதிலேயே போடு.

ஸ்லைடுபூச்சி | சனி, காலை 11:03

குழியைக் கிளறிப் பாருங்கள், ஒரு துண்டு உள்ளே உடைந்து நின்றிருக்கும்.